சுபாங்கிலிருந்து செப்பாங்குக்கு, புக்கிட் பெலிம்பிங் வழியாக

கோலாலம்பூருக்கு இரண்டு விமான நிலையங்கள். ஒன்று சுபாங்கில், மற்றது செப்பாங்கில். இரண்டுக்கும் நடுவே காரில் ஒரு மணி நேரம். ஆனால் டிக்கெட்டில் இரண்டையும் கோலாலம்பூர் என்றுதான் போடுகிறார்கள். தொழிற்சாலை வேலையை விட்டபின் நான் கார் ஓட்டுகிறேன். செயலியில் யாராவது கூப்பிட்டால் போய் ஏற்றிக்கொள்வேன். அதனால் சுபாங்கில் இறங்கி, அடுத்த பிளேன் எந்தப் பக்கம் என்று காவலாளியிடம் கேட்டுவிட்டு முகம் வெளுத்து வெளியே வருகிறவர்களைத் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுகொள்வேன்.

அந்தச் சனிக்கிழமை காலையில் வந்தவருக்கு முகம் வெளுக்கவில்லை. அறுபதைத் தாண்டிய தமிழ் முஸ்லிம் பெரியவர். தலையில் வெள்ளைத் தொப்பி, மார்புவரை மருதாணி போட்ட செம்மஞ்சள் தாடி, இடுப்பில் புத்தம்புதுக் கால்சட்டை. அந்தக் கால்சட்டை அவரைப் பிடித்திருந்ததா, அவர் அதைப் பிடித்திருந்தாரா என்று சொல்ல முடியவில்லை. ஒரு கையால் அதையும் மறுகையால் பெரிய பெட்டியையும் இழுத்துக்கொண்டு வந்தார்.

"தம்பி, செப்பாங்குதானே? நான் பக்கத்துக் கட்டடம்னு நெனச்சேன். நடந்தே போயிடலாம்னு பெட்டிய இழுத்துக்கிட்டுக் கார் நிறுத்துற எடத்த ஒரு சுத்து சுத்தி வந்துட்டேன்."

கோத்தா பாருவில் ரொட்டி சானாய், அதாவது பரோட்டாக் கடை வைத்திருப்பவர். தங்கை மகள் கல்யாணத்துக்காகத் திருச்சிக்குப் போகிறார். டிக்கெட் எடுத்ததும் எனக்குச் செயலியில் அழைப்பு அனுப்பியதும் கோத்தா பாருவில் இருந்த அவர் மகன். இந்தக் கால்சட்டையும் அவன் வாங்கிக் கொடுத்ததுதான். கைலியோடு விமானம் ஏறினால் மரியாதை இருக்காது என்று சொன்னானாம்.

பெட்டியைப் பின்னால் ஏற்றிக் காரைக் கிளப்பினேன். விமான நிலைய வளாகத்தை விட்டு வெளியே வருவதற்குள் என் தங்கை கூப்பிட்டாள். போன் காரின் ஒலிபெருக்கியோடு இணைந்திருந்தது. அவள் பேசியது பாய்க்கும் கேட்டது.

"அண்ணே, எங்க இருக்க?"

"சுபாங்ல. செப்பாங்குக்கு ஒரு ஆளு ஏத்தியிருக்கேன். விட்டுட்டு மத்தியானம் வந்துருவேன்."

"மத்தியானமா? பத்தருக்கு மத்தியானம் கிள்ளான்ல இன்னொரு வீடு இருக்காம். இப்பவே குத்திட்டுப் போறேன்னு வந்து உக்காந்திருக்காரு. தாய்மாமன் இல்லாம யாரு மடியில வச்சுக் குத்துறது?"

அன்று என் தங்கை மகனுக்குக் காது குத்து. அவனுக்கு ஒரு வயது. நான் அவனுடைய ஒரே தாய்மாமன். நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து பாய் குரல் கொடுத்தார்.

"தங்கச்சி, நீ வைம்மா. வந்துருவாரு." பிறகு என்னிடம், "எங்க வீடு?"

"கோலா சிலாங்கூர் பக்கம், பாய். புக்கிட் பெலிம்பிங். ஆனா அது வடக்க. உங்களுக்குத் தெக்க போவணும்."

"எனக்குப் பிளேன் சாயங்காலந்தான். அதுவரைக்கும் அங்க போயி நாற்காலில உக்காந்து இந்தக் கால்சட்டையப் புடிச்சுக்கிட்டு இருக்கணும். காது குத்துனா நல்லதுதான். வண்டியத் திருப்பு."

திருப்பினேன். சுங்கை பூலோவைத் தாண்டியிருப்போம், பாயின் போன் அடித்தது. மகன். கோத்தா பாருவிலிருந்தபடியே செயலியின் வரைபடத்தில் எங்கள் காரைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். பாய்க்குப் போனைக் காதில் வைத்துப் பேசும் பழக்கமில்லை. முகத்துக்கு முன்னால் தட்டைப்போல ஏந்திப் பேசினார். இரண்டு பக்கமும் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"அத்தா, கார் வேற பக்கம் போவுது."

"தெரியும்டா."

"அத்தா, டிரைவர் பக்கத்துல இருக்கானா? ஆமான்னா இருமுங்க."

பாய்க்கு உண்மையிலேயே இருமல் வந்துவிட்டது. காலையிலிருந்து விமானத்துக் குளிர். அவர் இரும இரும மறுமுனையில் மகன் பதறிப்போனான். காவல் நிலையத்துக்குப் போகட்டுமா என்று கேட்டான். இருமல் நின்றதும் பாய் நிதானமாகச் சொன்னார்.

"காது குத்துக்குப் போறேண்டா."

மகன் காவல் நிலையத்தை மறந்தான்.

"யாருக்குக் காது?"

"டிரைவரோட தங்கச்சி மகனுக்கு. வைடா, நெட்டு தீந்துரும்."

புக்கிட் பெலிம்பிங்கில் என் தங்கை வீட்டுக்கு முன்னால் வாடகைப் பந்தல் போட்டிருந்தார்கள். பந்தல்காரர் அதிகாலையில் வந்து, வாசலில் நின்ற என் மச்சானின் காரை யாரும் எடுக்கவில்லை என்பதால் அதையும் உள்ளே விட்டுச் சுற்றிலும் இரும்புக்கால்களை நட்டுவிட்டார். மச்சான் என்று நான் சொல்வது தங்கையின் கணவரை. இப்போது அந்தக் கார் பந்தலுக்கு நட்டநடுவில், இரண்டு வரிசை மேசைகளுக்கு இடையில், முக்கியமான விருந்தாளியைப்போல நின்றது. யாரோ அதன் மேல் தண்ணீர்ப் போத்தல்களை அடுக்கியிருந்தார்கள்.

குழந்தைக்குக் காலையிலேயே கோயிலில் மொட்டை அடித்துச் சந்தனம் பூசிவிட்டார்கள். அப்போதிருந்தே அவனுக்கு உலகத்தின் மேல் கோபம். நான் கையை நீட்டியதும் ஊரைக் கூட்டினான். இது புதிதில்லை. பிறந்ததிலிருந்தே என்னைப் பார்த்தால் அழுவான். பொம்மைகள் வாங்கிக் கொடுத்திருக்கிறேன், தவழ்ந்து யானை மாதிரி நடந்திருக்கிறேன், பலனில்லை. என் முகத்தில் அவனுக்கு மட்டும் ஏதோ தெரிகிறது.

பாயை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து என் பயணி என்று அறிமுகப்படுத்தினேன். தங்கை தயங்கியபடி கேட்டாள். "பாய், இங்க பூஜையெல்லாம் இருக்கு. உங்களுக்குச் சங்கடமா இருக்குமா?"

"பூஜை நீங்க பண்ணுங்கம்மா. நான் புள்ளயப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். அவன்தான் ரொம்பச் சங்கடத்துல இருக்கான்."

மணையில் உட்கார்ந்தேன். குழந்தையை என் மடியில் திணித்தார்கள். அவன் வில்லாக வளைந்தான். அவன் தலையைப் பிடித்தால் கால் நழுவியது, காலைப் பிடித்தால் தலை நழுவியது. பத்தர் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். கிலுகிலுப்பை ஆட்டினார்கள். போனில் பாட்டுப் போட்டார்கள். மச்சான் நாய்மாதிரி குரைத்துக் காட்டினார். அதற்குப் பக்கத்து வீட்டு நாய் பதில் சொன்னது. குழந்தை நிறுத்தவில்லை.

பாய் எழுந்து வந்தார். "ரெண்டு எவர்சில்வர் கொவளை குடுங்க. கொஞ்சம் தேத்தண்ணி. ஆறுனதா இருக்கட்டும்."

கொடுத்தார்கள். எங்களுக்கு எதிரே நின்று ஒரு கையைத் தலைக்கு மேலே தூக்கினார், மறுகையை இடுப்புக்குக் கீழே இறக்கினார், கடையில் இழுப்பதுபோல் தேநீரை இழுத்தார். அது நூலாக இறங்கி, கீழே ஒரு சொட்டுச் சிந்தாமல் குவளைக்குள் போய் நுரைத்தது. மறுபடி மேலே போனது. குழந்தை வாயைத் திறந்தபடியே அழுகையை நிறுத்தினான். தலை மேலும் கீழுமாகப் போய்வந்தது. பந்தலில் இருந்த எல்லார் தலையும் அப்படித்தான் போய்வந்தது. பத்தரே ஒரு நிமிடம் ஊசியை மறந்துவிட்டார்.

"குத்துங்க பத்தரே, கை வலிக்குது" என்றார் பாய்.

பத்தர் வலது காதைக் குத்தினார். நடந்தது என்னவென்று குழந்தைக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் அவன் உதைத்த உதையில் பாயின் கீழ்க்குவளை பறந்தது. மேலிருந்து வந்துகொண்டிருந்த தேநீர் முழுவதும் அவர் வெள்ளைச் சட்டையில் இறங்கியது.

அடுத்தது இடது காது. ஆனால் அவன் கணக்கில் குற்றவாளி நான்தான் என்று முடிவாகிவிட்டது. என் மடியிலிருந்து வழுக்கி இறங்கித் தவழ்ந்து ஓடி, பாயின் காலைப் பிடித்து எழுந்து நின்றான். அவர் குனிந்து தூக்கியதும் அந்தச் செம்மஞ்சள் தாடியை இரண்டு கையாலும் அள்ளி அதற்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அழுகை நின்றது. நான் பிரித்தெடுக்கப் போனால் தாடியும் கூடவே வந்தது. பாய்க்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"தம்பி, விட்டுரு. என் தாடையே களண்டுரும்."

பத்தர் சொன்னார்: "மடி யாரு மடியா இருந்தா என்ன லா. எனக்கு நேரமாச்சு."

தங்கை என்னைப் பார்த்தாள். நான் பந்தல் கூரையைப் பார்த்தேன். பாய் மணையில் உட்கார்ந்தார். குழந்தை தாடிக்குள் இருந்தபடியே இடது காதைக் கொடுத்தான். ஒரு முறை 'ம்' என்றான், அவ்வளவுதான். ஆனால் அதே நேரத்தில் வேறொரு காரியமும் செய்துவிட்டான். பாயின் புதுக் கால்சட்டை தொடையிலிருந்து முழங்கால்வரை நனைந்தது.

"இந்த ஊர்ல பாய்மார மாமாக், மாமாக்னு சும்மாவா கூப்புடுறோம்?" என்றார் மச்சான். "பாய்தான் மாமா."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்ததாக ஞாபகம். சீர் கொடுக்கும்போது தங்கை யோசித்து, பழத்தட்டை எனக்கும் சால்வையைப் பாய்க்கும் என்று பிரித்தாள். காதுக்கு ஒன்றாகச் சரியாகத்தான் பிரித்தாள். எனக்குத்தான் மனசுக்குள் சின்னதாக ஏதோ கடித்தது. புகைப்படக்காரர் வேறு என்னிடம், "அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, தாய்மாமன் மறையிறாரு" என்றார்.

பாயைக் குளிக்க அனுப்பினார்கள். கட்டிய பெட்டியை இப்போது பிரிக்க வேண்டாம் என்றார் அவர். மச்சானின் கைலி ஒன்றையும், அவர் உடம்புக்கு ஏற்ற சட்டை வேறெதுவும் இல்லாததால் தோட்டக் கால்பந்துக் குழுவின் பச்சை ஜெர்சி ஒன்றையும் கொடுத்தார்கள். முதுகில் பத்து என்று போட்டிருந்தது. கைலி ஏறியதும் பாய் முகத்தில் அப்படியொரு நிம்மதி. சாப்பாட்டில் உட்கார்ந்து, சாம்பாரை மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அங்கேதான் வினை தொடங்கியது. சாப்பாட்டுக் கடைக்காரருக்கு வெறும் சாம்பாரைப் போட்டு அனுப்புவதா என்று மச்சானுக்கு உறுத்தியிருக்கிறது. யாரிடமும் சொல்லாமல் செகிஞ்சானுக்கு இறால் வாங்கப் புறப்பட்டுவிட்டார். படகுத்துறையில் வாங்கி வந்து, பின்பக்கம் தனி அடுப்பில் பொரித்துப் போடலாம் என்று திட்டம். அவருடைய கார்தான் பந்தலுக்குள் சிறைப்பட்டிருக்கிறதே, அதனால் என் காரை எடுத்துக்கொண்டார். பாயின் பெட்டி அதற்குள் இருந்தது. பாஸ்போர்ட்டும் பெட்டிக்குள் இருந்தது.

புறப்படலாம் என்று நான் வெளியே வந்தபோது கார் நின்ற இடத்தில் ஒரு கோழி நின்றது.

மச்சானுக்குப் போன் போட்டேன். ஐஸ்பெட்டியின் மேல் சார்ஜில் கிடந்த அவர் போன் பாடியது. விஷயத்தை ஒரு பொடியன் சொன்னான். "மாமா எறா வாங்கப் போயிட்டாரு."

"எனக்கு எறா ஒத்துக்காதே" என்றார் பாய். "ஒடம்பெல்லாம் தடிச்சுரும்."

அந்த நேரம் பார்த்து மறுபடி மகன். "அத்தா, ஏர்போர்ட் போயாச்சா? கார் செகிஞ்சான்ல நிக்குதுன்னு காட்டுது." செயலியில் என் பயணம் இன்னும் முடியாமலேயே இருந்தது. செயலிக்கென்று நான் வைத்திருக்கும் பழைய போன் காரிலேயே கிடந்தது; அதில் நெட்டு மட்டும்தான், கூப்பிட முடியாது. பாய் போனைத் தட்டைப்போல ஏந்தி, "நான் காரில இல்லடா, பெட்டிதான் போயிருக்கு" என்றார். மகன் என்ன நினைத்தானோ, போன் கீழே விழுந்ததுபோல் சத்தம் கேட்டது.

செகிஞ்சானிலிருந்து வருவதற்குக் கடலோரமாக ஒரே சாலைதான். எதிரே போனால் பிடித்துவிடலாம். பந்தல்காரர் தன் லோரியை எடுத்தார். பின்னால் நூறு பிளாஸ்டிக் நாற்காலி, முன்னால் நாங்கள் மூவர், நடுவில் சால்வை போர்த்திய பாய். அவர் அதை எடுக்க மறந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். குளிருக்கு இதமாக இருக்கிறது என்றார்.

சனிக்கிழமை, வயல் பார்க்கவும் படம் எடுக்கவும் கோலாலம்பூர்க்காரர்கள் செகிஞ்சானுக்குப் படையெடுக்கும் நாள். ஆற்றுப்பாலத்தைத் தாண்டி தஞ்சோங் காராங் வரை கார்கள் ஊர்ந்தன. அங்கே எதிர்ப்பக்கம் என் கார் வந்தது. பந்தல்காரர் ஹாரனை விடாமல் அடித்தார். நான் கையை வெளியே நீட்டி ஆட்டினேன். பாய் சால்வையை எடுத்து ஜன்னல் வழியாக வீசிக் காட்டினார். மச்சான் எங்களைப் பார்த்தார். நன்றாகப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பாக அவரும் ஹாரனை அடித்து, கையை ஆட்டி, போயே போய்விட்டார்.

"அன்பான மனுசன்" என்றார் பாய்.

லோரியைத் திருப்ப இடம் கிடைக்கவில்லை. கிடைத்துத் திருப்பி வருவதற்குள் மச்சான் வீட்டை அடைந்துவிட்டார். அங்கே தங்கை அவரைப் பிடித்துக்கொண்டாள். என்ன சொன்னாள் என்று இன்றுவரை இருவரும் சொல்வதில்லை. உடனே அவர் எங்களைத் தேடி மறுபடி காரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நாங்கள் வீட்டை நோக்கி, அவர் எங்களை நோக்கி. தங்கை பந்தல்காரருக்குப் போன் போட்டாள். "எங்க இருக்கீங்களோ அங்கயே நில்லுங்க. அவர் திரும்பவும் வர்றாரு. நீங்க நகந்தா நான் மனுசியா இருக்க மாட்டேன்."

பாலத்துக்கு இந்தப் பக்கம் ஓரமாக நிறுத்தினோம். பாய் கீழே இறங்கிச் சாலையோரத்தில் நின்றார். பச்சை ஜெர்சி, கைலி, தோளில் சால்வை, காற்றில் பறக்கும் தாடி. வந்த கார்கள் எல்லாமே வேகத்தைக் குறைத்தன. ஒரு சீனக் குடும்பம் நின்று அவரோடு படம் எடுத்துக்கொண்டது. அவர் அதற்கும் சால்வையைச் சரிசெய்து நின்றார். அந்தப் படம் முடிவதற்குள் மச்சான் வந்துவிட்டார். இறங்கியவர் நேராகப் பாயின் கையைப் பிடித்தார்.

"பாய், மன்னிச்சிருங்க. நல்ல பெரிய எறா."

"பரவால்ல தம்பி. நெனச்சீங்களே, அது போதும்."

மச்சான் லோரியில் ஏறினார், பாய் என் காரில் ஏறினார். நெடுஞ்சாலையில் எவ்வளவு வேகத்தில் போனேன் என்று எழுதப் போவதில்லை. பாய் பின்னிருக்கையில் தூங்கிவிட்டார். மகன் இரண்டு தடவை கூப்பிட்டான். இரண்டாவது தடவை நானே எடுத்து, எங்கே வருகிறோம் என்று சொன்னேன். "அண்ணே, அத்தாவுக்குக் காது குத்தலையே?" என்று மெல்லக் கேட்டான். இல்லை என்றேன். அழுகிற மாதிரி மூச்சு விட்டான்.

செப்பாங்கில் பெட்டியைத் திறந்து மாற்றுக் கால்சட்டையைத் தேடினோம். மாற்றுக் கால்சட்டையே இல்லை. கல்யாண வீட்டுக்குச் சாக்லெட், தைலப் போத்தல்கள், காப்பித்தூள், அவற்றுக்கு நடுவே மடித்து வைத்த ஐந்து கைலி. "என் வீட்டுக்காரிக்குத்தான் என்னைத் தெரியும்" என்றார் பாய், பெருமையாக. சட்டையை மாற்ற நேரமில்லை. பத்தாம் எண்ணோடேயே ஓடினார். பெட்டி வாங்குமிடத்தில் இருந்த பெண், மூடப் போனவள், அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்து, விளையாட்டுக் குழுவோடு வந்தவரா என்று மலாயில் கேட்டாள். பாய் யோசித்து, "பயிற்சியாளர்" என்றார். பெட்டியை எடுத்துக்கொண்டாள்.

காருக்குத் திரும்பி வந்தபோதுதான் பின்பக்க மூலையில் இறால் பெட்டியைக் கண்டேன். மச்சான் இறக்க மறந்திருக்கிறார். ஐஸ் உருகி, தண்ணீர் பாயின் பெட்டி இருந்த இடத்துக்கு ஓடியிருந்தது. திருச்சியில் ஒரு கல்யாண வீட்டில் செகிஞ்சான் இறால் மணத்தது என்று பிறகு தெரிந்துகொண்டேன். என் காரில் அது ஒரு மாதம் இருந்தது. அந்த மாதம் என் காரில் ஏறியவர்கள் எல்லாரும் ஏறியதும் ஜன்னலை இறக்கினார்கள்.

மூன்று வாரம் கழித்துப் பாய் கூப்பிட்டார். திரும்பி வருகிறார். இந்த முறை செப்பாங்கில் இறங்கிச் சுபாங்கில் ஏற வேண்டும்.

"தம்பி, மகன்கிட்ட சொல்லி நடுவுல நல்லா நேரம் விட்டு டிக்கெட் போடச் சொல்லியிருக்கேன். மருமவனப் பாத்துட்டுப் போலாம். எறா வேணாம்னு மச்சான்கிட்ட சொல்லிரு."

போய் ஏற்றிக்கொண்டேன். கைலியோடுதான் வந்தார். ஆனால் ஏதோ குறைந்தது. கல்யாண வீட்டில் பிள்ளைகள் கேலி செய்தார்கள் என்று தாடியை ஒட்ட வெட்டி, மருதாணியையும் விட்டிருந்தார். வெள்ளையாக, சின்னதாக, வேறு யாரோ மாதிரி இருந்தது.

புக்கிட் பெலிம்பிங்கில் தங்கை குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். காதில் இரண்டு பொட்டுத் தங்கம். பாய் இரண்டு கையையும் நீட்டினார். குழந்தை அவரைப் பார்த்தான், தாடி இருந்த இடத்தைப் பார்த்தான், உதடு பிதுங்கியது, ஓவென்று அலறினான். அலறிக்கொண்டே திரும்பிப் பார்த்தவன் கண்ணில் நான் பட்டேன். தங்கை கையிலிருந்து அப்படியே என் மேல் தாவி விழுந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டான்.

அசையாமல் நின்றேன். அசைந்தால் நான் யார் என்று அவனுக்கு ஞாபகம் வந்துவிடுமோ என்று பயம்.

"நல்லதாப் போச்சு" என்றார் பாய். "அவன் நனைக்கிறதுக்குள்ள எனக்கு ஒரு தேத்தண்ணி போடச் சொல்லு."